காது கேட்காத பன்னிரண்டு நெருப்புக்கோழிகள்

மார்ச் 3, திங்கள், காலை 9.40
நெருப்புக்கோழி: 12. ஆடுவது: 0.

அக்கா,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் காலிப் பெட்டிக்குள் இதைப் போட்டு அனுப்புகிறேன். பஸ் பார்சலில் பெட்டி எப்படியும் உனக்கும் எனக்கும் நடுவே போய்வந்துகொண்டுதான் இருக்கிறது.

நீ தைத்து அனுப்பி சனிக்கிழமை வந்த பன்னிரண்டு துணித் தோலையும் இயந்திரப் பறவைகளுக்கு மாட்டிவிட்டேன். முதுகு ஜிப் சரி. கால் சரி. பார்க்க நன்றாகவே இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றுகூட ஆடவில்லை. போன வியாழக்கிழமை இதே பன்னிரண்டும் தோல் இல்லாமல், வெறும் கம்பியும் பல்சக்கரமுமாக நின்றபோது, ரேடியோவைப் போட்டால் கழுத்தை வளைத்து, இறக்கையை அடித்து, தாளம் தப்பாமல் ஆடின. இப்போது ரேடியோவைப் பக்கத்தில் வைத்து அலறவிட்டாலும் கல்லு மாதிரி நிற்கின்றன. சோதனைப் பொத்தானை அழுத்தினால் கழுத்து அசைகிறது. ஆக மோட்டாரில் கோளாறு இல்லை. உள்ளே இருக்கிற மைக்குக்குச் சத்தம் போய்ச் சேரவில்லை. தோலைக் கழற்றினால் கேட்கிறது, மாட்டினால் கேட்கவில்லை. இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. தோலுக்கு அடியில் நீ வைத்துத் தைத்த உள்துணி ரொம்பக் கனம்.

அந்த உள்துணியை எடுத்துவிட்டு வெறும் ரோமத்துணியில் பன்னிரண்டும் மறுபடி வேண்டும். சனிக்கிழமைக்குள்.

இருபதாம் தேதி செருப்புக்கடைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு அறுபது கடை. ஒவ்வொரு கடையிலும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நெருப்புக்கோழி நின்று, உள்ளே பாட்டுப் போட்டால் ஆட வேண்டும். ஆடினால் உன் பட்டறைக்கு வருஷம் பூரா தையல். ஆடாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

தம்பி


மார்ச் 5, புதன்

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 'எப்படி இருக்கிறாய்' என்று எங்கேயாவது மடிப்பில் ஒளித்து வைத்திருக்கிறாயா என்று தேடினேன். இல்லை. நான் நன்றாக இருக்கிறேன். உன் மாமாவுக்கு இடுப்புப் பிடிப்பு, அதனால் மூன்று நாளாக வண்டி எடுக்காமல் வீட்டில் படுத்துக்கொண்டு எல்லோருக்கும் யோசனை சொல்கிறார்.

போன் ஏன் எடுக்கவில்லை என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போன மாதம் வாலுக்குக் கீழே ஒரு நீளப் பிளவு வரைந்திருந்தாயே, அது எதற்கு என்று கேட்டேன். நீ சொன்னது: "எதுக்குன்னு கேக்காதக்கா. படத்துல இருக்கறதத் தை. ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்லிட்டிருந்தா நான் எப்ப வேலை பாக்கறது?" அப்போது என் இரண்டு கையிலும் துணி. போன் ஸ்பீக்கரில் இருந்தது. பட்டறையில் மூன்று பெண்களும் கேட்டார்கள். பொத்தான் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே சிரித்தாள். (அவளுக்கு ஏன் பொத்தான் என்று பெயர் தெரியுமா? நாங்கள் முன்பு வேலை பார்த்த சட்டைக் கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆயிரத்தைந்நூறு பொத்தான் சரிபார்ப்பாள். இப்போது என்னிடம் கடைசிச் சோதனை அவள்தான்.) பிளவு பேட்டரிக்கு என்பதைப் பிறகு உன் மாமா கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து முடிவு செய்துவிட்டேன். பேசினால் நீ கத்துவாய். எழுதினால் பேனாவை எடுக்கிற நேரமாவது யோசிப்பாய்.

உள்துணியை எடுக்க முடியாது. கர்வத்தில் சொல்லவில்லை. வெறும் ரோமத்துணியாக இருந்தால் உன் பல்சக்கரம் இரண்டே நாளில் அதைக் கடித்துத் துப்பிவிடும். கழுத்து வளைகிற இடத்தில் நூல் இழுபடும், மூன்றாம் நாள் உன் நெருப்புக்கோழி கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கம்பியைக் காட்டிக்கொண்டு நிற்கும். இதே உள்துணியை உனக்கு ஜனவரியில் மாதிரி அனுப்பினேன். நீயே அதை மைக் மேல் போட்டுப் பார்த்துவிட்டு, சத்தம் கொஞ்சம் குறைகிறது, பரவாயில்லை என்று எழுதினாய். அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இன்னொன்று. பழைய கம்பெனி மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்தார். என் இடம் பதினேழாம் தேதி வரை காலியாக இருக்குமாம். ஒன்பது வருஷம் அங்கே சட்டைக் காலர் தைத்தேன். காலர் மட்டும். எந்தக் காலர் எந்தச் சட்டையில் போய் உட்கார்ந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. உன் பேச்சை நம்பித்தான் வெளியே வந்து நாலு மிஷின் போட்டேன். அவரிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் நெருப்புக்கோழியும் அந்தக் காலர் மாதிரித்தான், பன்னிரண்டுக்குத் தோல் தைத்தேன், ஒன்று ஆடிக்கூடப் பார்த்ததில்லை.

அக்கா


மார்ச் 8, சனி, மதியம் 12.20

அக்கா,

உள்துணியை நீ எடுக்க மாட்டேன் என்றதால் நான் என் பக்கம் சரிசெய்தேன். மைக்கின் கூர்மையை ஏற்றினேன். முதலில் இரண்டு மடங்கு. பலன் இல்லை. நாலு மடங்கு. கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. பத்து மடங்கு ஏற்றியதும் பன்னிரண்டும் ஆடின. ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ரேடியோவை அணைத்தேன். அவை நிற்கவில்லை.

காரணம் எளிது. கழுத்து அசைய மோட்டார் ஓடுகிறது, மோட்டார் சத்தம் போடுகிறது, அந்தச் சத்தத்தை மைக் பாட்டு என்று நினைக்கிறது, கழுத்து இன்னும் அசைகிறது. அதாவது ஒவ்வொன்றும் தன் வயிற்றுச் சத்தத்துக்குத் தானே ஆடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி தீரும்வரை ஆடும். கூர்மையைக் குறைத்தால் செவிடு. ஏற்றினால் பேய் பிடித்தது. நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று மூன்று நாள் தேடினேன், இல்லை.

முதலாளி நேற்று மாலை பார்க்க வந்தார். பாட்டே இல்லாமல் பன்னிரண்டும் வரிசையாகத் தலையை ஆட்டுவதைப் பார்த்து, இதெல்லாம் யாருக்காகத் துக்கம் விசாரிக்கின்றன என்று கேட்டார். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்காமல், கோளாறு உன்னிடமா தையலிலா என்று கேட்டார். தையலில் என்று சொன்னேன். தோல் இல்லாமல் வேலை செய்கிறது, தோலோடு செய்யவில்லை, வேறென்ன சொல்வது? கூடப் பிறந்தவள் என்பதற்காகப் பொய் சொல்ல முடியாது.

தோல் வேலையை இங்கேயே ஒரு பொம்மைக் கம்பெனிக்கு மாற்றுகிறார். புதன்கிழமை அவர்களிடம் கொடுக்க வேண்டும். உன்னிடம் இருக்கிற வெட்டு அட்டைகள், மீதித் துணி, ஏதாவது குறிப்பு இருந்தால் அதுவும் அனுப்பு. நீயாக அனுப்பினால் மரியாதையாக இருக்கும் என்று பட்டது, அதனால்தான் முதலாளி எழுதுவதற்கு முன் நான் எழுதுகிறேன்.

எனக்கு இதில் சந்தோஷம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி


மார்ச் 11, செவ்வாய்

தம்பிக்கு,

கேட்டதெல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. மேற்பார்வையாளரிடம் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பொத்தானும் என்னோடு வருகிறாள். மற்ற இருவருக்கும் அங்கே இடமில்லை. அவர்களிடம் நான்தான் சொன்னேன். ஒருத்தி மிஷினுக்கு உறை போட்டாள். இன்னொருத்தி, "அக்கா, நாம தைச்சதுல எங்க தப்பு?" என்று கேட்டாள். நான் வெட்டு அட்டைகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

புதிதாகத் தைக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் கஷ்டப்பட வேண்டாம்.

கழுத்துத் துணியைக் குறுக்காக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் வளையாது. உன் படத்தில் நேராகத்தான் போட்டிருக்கிறது, நாங்கள்தான் மாற்றினோம். தலையின் இரண்டு பாதியையும் சேர்க்கும்போது கண்ணுக்குக் கீழே தையல் வரக் கூடாது, வந்தால் அழுகிற மாதிரி இருக்கும். இறக்கையின் நுனியில் பஞ்சு வைக்காமல் விட வேண்டும், கனத்தில் தொங்கிவிடும்.

அப்புறம் மார்பில் ஒரு ஓட்டை. படத்தில் நடு மார்பில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. படத்தில் இருப்பதால் பன்னிரண்டிலும் வெட்டினோம். கடைசிச் சோதனையில் பொத்தான் பன்னிரண்டையும் ஒதுக்கிவிட்டாள். எங்கள் வேலையில் துணியில் ஓட்டை என்றால் பீஸ் திரும்பிவிடும், அவளுக்கு அது ரத்தத்தில் ஊறியது. உன்னைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். காம்பஸ் குத்திய இடத்தைக் கோடு என்று போட்டுவிட்டாய் போலிருக்கிறது என்று நினைத்து, உள்பக்கமிருந்து இரட்டைத் துணியில் வட்டத் துண்டு வைத்து, ரோமத்தை மேலே இழுத்துவிட்டு அடைத்தோம். மூன்று பேர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். தடவிப் பார்த்தாலும் தெரியாது. புதியவர்களிடம் அந்த வட்டத்தை வெட்டவே வேண்டாம் என்று சொல், ஒரு நாள் மிச்சம்.

துணி மொத்தம் பதினொரு மீட்டர் மீதி.

அக்கா


மார்ச் 12, புதன், மதியம் 2.15

அக்கா,

திங்கட்கிழமை போகாதே.

உன்னைப் பதினோரு தடவை கூப்பிட்டேன். மாமா எண்ணிலும் கூப்பிட்டேன், அதுவும் அணைந்திருக்கிறது. நாலு மணி பஸ்ஸில் இந்தக் கடிதத்தையும் ஒரு நெருப்புக்கோழியையும் அனுப்புகிறேன்.

அந்த வட்டம் காது. மைக் அதற்கு நேர் பின்னால் இருக்கிறது. சத்தம் போகிற ஒரே வழி அதுதான். என் வேலையில் வட்டம் என்றால் துளை. அதற்குப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, எனக்குத் தெரியும் என்பதால். ஒன்பது நாள் சர்க்யூட்டைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தேன். ஒரு தடவைகூட விரலை விட்டு மார்பில் துளை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை. படத்தில் இருக்கிறது, ஆகவே இருக்கும்.

நீ எழுதிய அந்தப் பத்தியைப் படித்ததும் பிளேடை எடுத்தேன். முதல் பறவையில் நீங்கள் வைத்த ஒட்டுத்துணியைத் தேடவே ஐந்து நிமிஷம் ஆனது. அவ்வளவு சுத்தமாக இருந்தது. வெட்டினேன். மைக்கின் கூர்மையைப் பழைய அளவுக்கே இறக்கினேன். ரேடியோவைப் போட்டேன். கழுத்தை நிமிர்த்தியது, வளைத்தது, இறக்கையை விரித்தது. அணைத்தேன். நின்றது. மறுபடி போட்டேன், அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். பக்கத்து மேசைக்காரர் வந்து என் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டார். உள்துணியில் எந்தப் பிரச்சினையும் இல்லை. கனமாக இருந்தது உள்துணி இல்லை, என் தலை.

பன்னிரண்டையும் முடித்தபோது மணி 1.10. பொம்மைக் கம்பெனி ஆள் வெட்டு அட்டைகளை வாங்கிப்போக வெளியே உட்கார்ந்திருந்தார். ஒரு பறவையைத் தூக்கிக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனேன். கணக்குப்பிள்ளையும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று கேட்க நினைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் முன்னால்தானே சொன்னேன். அதனால் அங்கேயே சொன்னேன். தப்பு தையலில் இல்லை, என் படத்தில் இருந்தது, நான் எழுதவில்லை, கேட்கவும் விடவில்லை.

அவர் பறவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத உன் அக்காட்ட சொல்லிட்டியா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "அப்ப ஏன் இங்க நிக்கற?" என்றார். வெளியே இருந்த ஆளை அனுப்பிவிட்டார். தோல் வேலை உன்னிடமே.

ஆனால் நீ திங்கட்கிழமை காலர் தைக்கப் போய்விட்டால் இதற்கெல்லாம் அர்த்தம் இல்லை. போகாதே. நான் கேட்பதற்கு உரிமை இல்லை என்று தெரியும். கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 14, வெள்ளி

டேய்,

போன் அணைந்திருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. உன் மாமா இடுப்பு சரியாகிவிட்டது என்று காட்டுவதற்காகக் குனிந்து போனை எடுத்து, எடுத்ததைத் தண்ணீர் வாளியில் போட்டார். என் போன் உறை போட்ட மிஷினுக்கு அடியில் மாட்டிக்கொண்டு சார்ஜ் இல்லாமல் கிடந்தது. எதற்கும் நீ பதினோரு தடவை கூப்பிட்டாய் என்பதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பெட்டி நேற்று காலை வந்தது. உன் கடிதத்தை முதலில் தனியாகப் படித்தேன். படித்துவிட்டுப் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து சத்தமாகப் படித்தேன். 'என் தலை' என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள். மூன்று தடவை படித்தேன். பொத்தான் மட்டும் சிரிக்கவில்லை. தன்னால்தான் இவ்வளவும் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வருஷக்கணக்கில் ஓட்டையைத் தேடிப் பழகியவள் ஓட்டையை அடைத்தாள், அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது என்று நான்தான் சமாதானப்படுத்தினேன்.

ஆனால் என்னைச் சும்மா விட்டுவிடாதே. காம்பஸ் குத்திய இடம் ஒரு புள்ளியாகத்தான் இருக்கும், இவ்வளவு சுத்தமான வட்டமாக வராது. வட்டத்தை அடைக்கும்போது அது எனக்குத் தோன்றியது. இது வேண்டுமென்றே வைத்ததாக இருக்குமோ என்று மனசில் ஓடியது. கேட்டிருக்கலாம். 'படத்தில் இருக்கிறதைத் தை' என்றானே, அனுபவிக்கட்டும் என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது. முழுக்க இல்லை. கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தால் இரண்டு பெண்களின் வேலை போகிற அளவுக்கு வந்துவிட்டது. இதை அவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

மேற்பார்வையாளரிடம் காலையில் போனேன். வரவில்லை என்றதும், இந்தத் தடவை என்ன தைக்கப் போகிறாய் என்று கேட்டார். நெருப்புக்கோழி என்றேன். அவர் காலரைச் சரிசெய்துகொண்டார். அந்தக் காலர் நான் தைத்ததாகக்கூட இருக்கலாம்.

இப்போது பறவை. நாங்கள் ரேடியோ போடவில்லை, ரேடியோ இல்லை. உறையை எடுத்துவிட்டு முதல் மிஷினை ஓட்டினேன். உன் பறவை நிமிர்ந்தது. நாலு மிஷினையும் ஓட்டினோம். ஆடியது பார், வாயை மூட மறந்துவிட்டோம். நிறுத்தினால் நின்றது. ஓரம் அடிக்கும்போது ஒரு ஆட்டம், சட்டைப் பொத்தானுக்குத் துளை அடிக்கும்போது வேறு ஆட்டம். வேலை ஒன்றும் நடக்கவில்லை நேற்று. நான் தைத்த ஒன்று முழுசாக நின்று அசைவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இரண்டு குறை. நீ பிளேடால் வெட்டிய விளிம்பு பத்து நாளில் பிரிந்து நூல் உள்ளே தொங்கும். மைக்கை மூடும். பன்னிரண்டையும் அனுப்பு, விளிம்பை மடித்துத் தைத்து, பின்னால் மெல்லிய வலைத்துணி வைக்கிறேன். வலையில் சத்தம் போகும், ஊதிப் பார்த்துவிட்டேன். இரண்டாவது, பாட்டு ஆரம்பித்த கணமே மொத்த உடம்பும் துள்ளுகிறது. கரண்ட் அடித்தவன் மாதிரி. பாட்டு கேட்டால் யாராவது அப்படியா எழுந்து ஆடுகிறார்கள்? முதலில் தலை. கொஞ்சம் கழித்துக் கழுத்து. மனசு வந்த பிறகுதான் இறக்கை. உன்னால் அப்படிச் செய்ய முடியுமா, அல்லது 'எதுக்குன்னு கேக்காதே'யா?

அக்கா


மார்ச் 20, வியாழன், மாலை 6.10

அக்கா,

செருப்புக்கடைக்காரர்கள் மூன்று மணிக்கு வந்தார்கள். மூன்று பேர். பெரிய மேலாளர் ஒருவர், தலையைக்கூட ஆட்டாமல் எல்லாவற்றையும் பார்க்கிற ரகம்.

நீ சொன்ன மாதிரி மாற்றியிருந்தேன். தலை உடனே, கழுத்து அரை நொடி தாமதம், இறக்கை நாலு தாளம் போன பிறகு. நிரலில் மூன்று வரி மாற்றம்தான். இதை நான் ஆறு மாதமாக யோசிக்கவில்லை. பன்னிரண்டையும் வரிசையாக நிறுத்தியிருந்தோம். வலைத்துணியும் நன்றாக இருக்கிறது, துளை இருப்பதே தெரியவில்லை, ஆனால் இருக்கிறது. காலையில் பன்னிரண்டிலும் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

பாட்டுப் போட்டோம். ஆடின. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டை நிறுத்தினோம். நின்றன. மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் நிறுவனம் நாற்பது வருஷமாக என்று பேச ஆரம்பித்தார். கணீரென்ற குரல். பன்னிரண்டு நெருப்புக்கோழியும் மெதுவாகத் தலையைத் திருப்பி அவர் பேசப் பேசத் தலையாட்டின. அவர் நிறுத்தினார், அவையும் நிறுத்தின. தொடர்ந்தார், ஆட்டின. மைக்குக்குப் பாட்டும் பேச்சும் ஒன்றுதான். அதை நான் சரிசெய்யாமல் விட்டிருந்தேன், மறந்தே போயிருந்தேன். வாயைத் திறந்து விளக்கப் போனேன், முதலாளி என் காலை மிதித்தார்.

மேலாளர் மேலும் இருபது நிமிஷம் பேசினார். போகும்போது சொன்னார்: "எங்க கூட்டத்துல ஒருத்தன்கூட இவ்வளவு கவனமா கேட்டதில்ல."

அறுபது கடைக்கும் எடுக்கிறார்கள். அவருடைய அறைக்குத் தனியாக ஒன்று கேட்டிருக்கிறார். மொத்தம் அறுபத்தொன்று. அவர்கள் போன பிறகு முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்படி மூச்சு விட்டு எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

உன் 'கொஞ்சம்' பற்றி: கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன். கத்திவிட்டுச் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். ஆகவே அதையும் என் பக்கம் எழுதிக்கொள்.

எப்படி இருக்கிறாய்? மாமாவின் இடுப்பு எப்படி இருக்கிறது?

இனிச் செய்யப்போவது:

1. தோல் படத்தை முழுசாக மறுபடி வரைவேன். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அது எதற்கு என்று எழுதுவேன். வால் பிளவு: பேட்டரி. மார்பு வட்டம்: காது, அடைக்கக் கூடாது. எதற்கு என்று எனக்கே சொல்லத் தெரியாத கோட்டை அழித்துவிடுவேன்.

2. கழுத்துத் துணி குறுக்கு வெட்டு என்று திருத்துவேன். அந்த இடத்தில் உன் பெயரைப் போடுவேன்.

3. படத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உனக்கு அனுப்புவேன். நீ கேட்கிற கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் அச்சு.

4. பேச்சுக்குத் தலையாட்டுவதைச் சரிசெய்ய மாட்டேன்.

5. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறுவேன். நேரே பட்டறை. பொத்தானிடமும் மற்ற இருவரிடமும் என் வாயால் சொல்வேன்: தையலில் தப்பு இல்லை, படத்தில் இருந்தது. அதன் பிறகு அவர்கள் எவ்வளவு நேரம் என்னைத் திட்டினாலும் உட்கார்ந்து கேட்பேன்.

தம்பி